மண்டித் தராசில் ஒரு கிலோ

1

பெர்த் நகரத்துக்கு வந்து பதினாறு வருடம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், என் மனைவி சாந்தி என்னைச் சாப்பாட்டு மேசையில் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். எதிரே லேப்டாப்பில் குடியுரிமை விண்ணப்பம். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் சாந்தி அதை எப்போதோ வாங்கிவிட்டாள். மகள் நிலா இங்கேயே பிறந்தவள், அவளுக்கு அந்தக் கவலையே கிடையாது. நான்தான் வருடா வருடம் அடுத்த வருடம் என்று இழுத்துக்கொண்டு கிடந்தேன்.

"இன்னைக்கு முடிக்காம எந்திரிச்சீங்கன்னா மத்தியானம் சோறு கிடையாது" என்றாள். செங்கோட்டைக்காரி. சொன்னால் செய்வாள்.

எந்தெந்த விலாசத்தில் எத்தனை மாதம் இருந்தேன், எந்தெந்த நாட்டுக்குப் போனேன், எப்போது திரும்பினேன் என்று அவர்கள் கேட்டதற்கெல்லாம் பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து நிரப்பினேன். மூன்று பாஸ்போர்ட்டிலும் என் அப்பா பெயர் மூன்று விதமாக இருக்கிறது. அதற்கு ஒரு தனி விளக்கக் கடிதம். ராணுவத்தில் இருந்தேன் என்று எழுதினால் அதற்கு ஒரு சான்றிதழ், அந்தச் சான்றிதழ் இந்தியில் இருந்தால் அதற்கு ஒரு மொழிபெயர்ப்பு. ஒரு மனிதன் ஒரே மனிதன்தான் என்று நிரூபிக்க இத்தனை காகிதம் வேண்டியிருக்கிறது.

கடைசியில் நடத்தை பற்றிய பக்கம். கேஸ் உண்டா, ஜெயில் உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டேன். அதில் ஒரு கேள்வியின் சாரம் இது: எதையாவது மறைத்து, அதனால் ஏதாவது பலன் அடைந்ததுண்டா? விசா விஷயத்தைத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமலில்லை. இருந்தாலும் கை நின்றுவிட்டது. சாந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். 'இல்லை' என்ற கட்டத்தில் அமுக்கினேன். அது ஒரு மறுப்பும் சொல்லாமல் என்னை அடுத்த பக்கத்துக்கு அனுப்பிவைத்தது.

அந்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது. எங்கள் இலஞ்சி பாக்ஸிங் கிளப்பின் வாட்ஸ்அப் குரூப். 'தொண்ணூறுகளில் நம்ம பக்கத்துல பெரிய பாக்ஸர் யாரு?' என்று ஓட்டெடுப்பு வைத்திருந்தார்கள். மூன்று பெயர். முதல் பெயர் முத்து, அதாவது நான்.

2

கிளப் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்தில் இலஞ்சியில் ஒரு தென்னந்தோப்பில் நான்கு மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினால் அதுதான் ரிங். காற்று வீசினால் பயிற்சி கிடையாது, தேங்காய் விழும். இப்போது அதே இடத்தில் தகரக் கூரை போட்டு ஹால் கட்டிவிட்டார்கள். வாசலில் ஒரு பெரிய படம் மாட்டப் போகிறார்களாம். யாருடைய படம் என்பதுதான் சண்டை. குரூப்பை நடத்துகிறவன் செல்லத்துரை, எங்களோடு குத்துச்சண்டை போட்டுவிட்டு போலீஸுக்குப் போனவன். 'அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டு முடியும், அதுக்குப் பொறவு அழக் கூடாது' என்று உத்தரவு போட்டிருந்தான்.

ஆண்களுக்கு ஐம்பது வயதைத் தொடும்போது இந்தப் பைத்தியம் பிடித்துவிடுகிறது. முட்டி வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, யார் யாரை எந்த ரவுண்டில் சாய்த்திருப்பான் என்று அடித்துக்கொண்டார்கள். நான் பஸ் ஓட்டுகிறவன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது போனைத் தொட்டால் வேலை போய்விடும். ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும் எடுத்துப் பார்த்தேன்.

கடையம் பால்ராஜ் மூன்றாவது பெயர். அவனுக்காக அவன் மச்சான் மட்டும் வாதாடினான். 'பால்ராஜ் ஒரு அடி விட்டா ஆளு எந்திரிக்க மாட்டான்.' அதற்குச் செல்லத்துரை, 'பட்டாத்தானடே எந்திரிக்காம இருப்பான். அவன் அடிச்ச காத்துல தேங்காதான் விழுந்துச்சு' என்று போட்டான். பால்ராஜ் கதை அதோடு முடிந்தது.

மிச்சம் நானும் இசக்கியும். இசக்கிமுத்து, இலஞ்சிக்காரன். இடது கை ஆள். எதிரியைத் துரத்தவே மாட்டான். நின்ற இடத்தில் நின்றுகொண்டு, வரட்டும் என்று பார்ப்பான். வந்தவன் ஏன் வந்தோம் என்று நினைப்பதற்குள் இடது கை வந்து சேர்ந்துவிடும். நான் அப்படி இல்லை. மூன்று ரவுண்டும் நிற்காமல் கை வீசுவேன். பத்து வீசினால் மூன்று படும். உழைப்பாளி என்று சொல்வார்கள். திறமை இல்லாதவனை மரியாதையாகச் சொல்கிற வார்த்தை அது.

'முத்து ராணுவத்துக்குப் போயி அகில இந்தியா வரைக்கும் ஆடினவன்லா. மெடல் இருக்குல்லா' என்று எழுதினார்கள்.

'இசக்கி போயிருந்தா?'

'போகலல்லா! போகாதவன எப்படிலே கணக்குல எடுக்க?'

'முத்துவ மொத ரவுண்டுல உக்கார வச்சவன் அவன்தானடே.'

'உக்கார வச்சான். பொறவு யாரு ஜெயிச்சா? எடை பாக்கதுக்கு முந்தின நாளு புரோட்டா தின்ன பய. வாயக் கட்டத் தெரியாதவன்லாம் என்ன பாக்ஸர்?'

அதற்குக் கீழே நாற்பது சிரிப்புப் பொம்மை. புரோட்டா இசக்கி. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஊரில் அவன் பெயர் அதுதான். அவன் வீட்டுக்கு வழி கேட்டால்கூட அப்படித்தான் சொல்லுவார்கள்.

நான் ஓட்டுப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். யார் யாருக்குப் போட்டார்கள் என்று அதில் தெரியும். என் பெயருக்குக் கீழே முதல் ஆளாக இசக்கி இருந்தான். அவன் ஓட்டு எனக்கு.

அன்று நான் ஒரு நிறுத்தத்தைத் தாண்டி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். பின்னாலிருந்து ஒரு பாட்டி மணியை அடி அடியென்று அடித்தாள்.

3

விஷயத்துக்கு வருகிறேன். வராமல் எத்தனை நாள் பஸ் ஓட்டுவது?

புளியங்குடியில் என் தாய்மாமாவுக்கு எலுமிச்சை மண்டி. லீவு நாட்களில் போய், அவர்கள் எடை சொல்லச் சொல்ல எழுதுவேன். எலுமிச்சை சாக்கில் வரும். சாக்கோடு நிறுத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் சாக்கு எடையைக் கழித்துக்கொண்டிருந்தால் லாரி கிளம்பாது. அதனால் மாமா மண்டியில் ஒரு வழக்கம். வெறும் சாக்கைத் தராசில் போட்டு, அதையே பூஜ்யமாகத் திருகி வைத்துவிடுவார்கள். நல்ல கனமான ஈரச் சாக்கு, ஒரு கிலோ. தராசு எதை ஏற்றினாலும் ஒரு கிலோ குறைத்துத்தான் காட்டும்; காலியாக இருக்கும்போது முள் பூஜ்யத்தில் முட்டி நிற்பதால் பார்த்தால் தெரியாது. மண்டிக்குள் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். வெளியே ஒருவருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கிளப்பில் எடை பார்க்கத் தராசு இல்லை. சீசன் நேரத்தில் குற்றாலத்தில் போட்டி வருகிறது, ராணுவத்திலிருந்து ஒரு சுபேதார் ஆள் எடுக்க வருகிறார் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் எடைப் பயம் வந்துவிட்டது. நான்தான் மார் தட்டிக்கொண்டு போய் மாமாவிடம் ஒரு பழைய தராசைக் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றி, தோப்பில் கொண்டுவந்து இறக்கினேன். இசக்கிதான் ஒரு பக்கம் பிடித்தான்.

திருகைச் சரிசெய்ய வேண்டும் என்பது இறக்கும்போது எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. இதை மட்டும் நம்புங்கள்.

மூன்றாம் நாள் நான் ஏறி நின்றபோது ஐம்பத்தெட்டரை காட்டியது. இவ்வளவு சீக்கிரம் எப்படி இறங்கினேன் என்று யோசித்தபோது பொட்டில் அடித்த மாதிரி ஞாபகம் வந்தது. பின்னால் நின்ற இசக்கி, "சூப்பர்லே முத்து" என்றான். சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் யாரோ ரிங்குக்குக் கூப்பிட்டார்கள். சரி, பயிற்சி முடிந்து சொல்லுவோம் என்று போய்விட்டேன்.

பயிற்சி முடிந்து சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்குள் செல்லத்துரை ஒரு செய்தி கொண்டுவந்தான். சுபேதார் ஒரு எடைக்கு ஒரே ஆளைத்தான் எடுப்பாராம். நானும் இசக்கியும் ஒரே எடை, அறுபது கிலோ. அன்றிலிருந்து நான் அந்தத் தராசில் என்ன காட்டினாலும் மனதுக்குள் ஒரு கிலோ கூட்டிக்கொண்டேன். இசக்கி காட்டியதை நம்பினான். இருபது நாள் அவன் ஏறி இறங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு முள்ளைத் திருக அரை நிமிஷம் ஆகாது. ஒரு வார்த்தை சொல்ல அதுகூட ஆகாது.

4

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் இசக்கி தராசில் ஏறினான். ஐம்பத்தொன்பது காட்டியது. உண்மையில் சரியாக அறுபது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு கிலோ மிச்சம் கெடக்குலே! பதினஞ்சு நாளா சோத்தக் கண்ணால பாக்கல. வா, செங்கோட்டை ரோட்டுல போயி ரெண்டு புரோட்டா திம்போம்" என்று என் தோளைப் பிடித்து இழுத்தான்.

போனேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. சொல்லாமல் இருந்தது ஒரு பாவம். கூடப் போனது அதைவிடப் பெரிய பாவம். எதிரே உட்கார்ந்தேன். அவன் இரண்டு புரோட்டா சொன்னான், பிறகு இன்னும் இரண்டு. மிளகுக் கோழி அரைத் தட்டு. சால்னாவை ஊற்றி ஊறவைத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றான்.

"நீ திங்கலையாலே?"

"பசிக்கலலே" என்றேன்.

"ஒனக்கு என்னலே கொற? ஐம்பத்தெட்டரைல இருக்க. தின்னுலே." ஒரு துண்டைப் பிய்த்து என் வாய்ப் பக்கம் நீட்டினான். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். பயத்தில் வயிறு சரியில்லை என்று நினைத்துக்கொண்டான். கடைக்காரரிடம் எனக்கு ஒரு சீரகத் தண்ணீர் கேட்டான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் எடை பார்த்தார்கள். சுபேதார் தன் கையோடு எடைக்கல் கொண்டுவந்து தராசைச் சரிபார்த்தார். நான் அறுபதுக்குக் கொஞ்சம் உள்ளே. இசக்கி அறுபது கிலோ எழுநூறு. "ஒரு மணி நேரம். இறங்கலைன்னா வீட்டுக்குப் போ" என்றார் சுபேதார்.

இசக்கி என்னைத்தான் பார்த்தான். "என்னலே இது? நேத்து ஐம்பத்தொம்பதுல்லா காட்டுச்சு? நாலு புரோட்டா இவ்வளவா ஏறும்?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னாலும் எடை இறங்கப் போவதில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். "கோழியும் தின்னேல்லா" என்றேன். ஆமாம், அதைச் சொன்னது நான்தான். புரோட்டா இசக்கி என்ற பெயருக்கு முதல் எழுத்தைப் போட்டது இந்த வாய்தான்.

சீசனில் ஓடி வேர்க்கவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாரல் அடிக்கிறது, காற்று குளிர்கிறது. இரண்டு ஸ்வெட்டருக்கு மேலே பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஐந்தருவி ரோட்டில் ஏறி இறங்கினான். உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கடைசியில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற கடையில் கெஞ்சி, எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றான். அடுப்பு அனலில் முகமெல்லாம் சிவந்து வேர்வை கொட்டியது. கடைக்காரர் திட்டிக்கொண்டே விறகைத் தள்ளினார். ஒரு டம்ளரில் எச்சிலைத் துப்பித் துப்பி நிறைத்தான். குளிக்க வந்த கூட்டம் வேடிக்கை பார்த்துச் சிரித்தது. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நான் நின்றேன்.

எட்டு மணிக்கு அறுபது. முள் அசையவில்லை. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மத்தியானத்துக்கு மேல் எங்கள் சண்டை. முதல் ரவுண்டில் அந்த இடது கை வந்தது, நான் உட்கார்ந்துவிட்டேன். எட்டு எண்ணும்போதுதான் எழுந்தேன். அவன் மூலையில் நின்று மூச்சு வாங்கினான். உதடு வெளுத்துப் போயிருந்தது. இரண்டாவது ரவுண்டில் அவன் கால் அவனுடையதாக இல்லை. மூன்றாவதில் நான் வீசியதெல்லாம் பட்டது. மூன்று நடுவரில் இரண்டு பேர் என் பக்கம். சுபேதார் என்னைக் கூப்பிட்டு அப்பா பெயர் கேட்டார்.

5

அதற்குப் பிறகு எனக்கு நடந்ததெல்லாம் அந்த ஒரு நாளிலிருந்து வந்தது. ராணுவ வேலை. அந்த வேலையைப் பார்த்துச் செங்கோட்டையில் பெண் கொடுத்தார்கள். சாந்தி நர்ஸ், அவள் வேலையால் இந்த நாடு. இங்கே பஸ். முதல் மாதம் டிப்போவில் மேலதிகாரி 'ஹவ் யூ கோயிங்' என்று நலம் விசாரித்ததற்கு 'பை பஸ்' என்று சொல்லிவிட்டு, பஸ் டிப்போவில் இவருக்கு என்ன சந்தேகம் என்று நினைத்தேன். அவர் ஓய்வு பெறும்வரை என்னை 'பை பஸ்' என்றுதான் கூப்பிட்டார். இந்த மாதிரி அசட்டுத்தனங்களைச் சொல்லி ஊருக்குப் போகும்போது எல்லோரையும் சிரிக்க வைப்பேன். இசக்கியும் சிரிப்பான்.

ராணுவத்துக்குக் கிளம்பும் முன்னால் ஒரு காரியம் செய்தேன். மாமாவிடம் சொல்லி இசக்கிக்கு மண்டியில் வேலை வாங்கிக் கொடுத்தேன். என் மனச்சாட்சிக்கு வாய்க்கரிசி போட்ட மாதிரி. மூட்டை தூக்கத்தான் சேர்ந்தான். பிறகு அவன் எடை போடுகிறவன் ஆனான் என்று அம்மா போனில் சொன்னாள். "மாமாவுக்கு அவன் இல்லாட்டா கை ஒடிஞ்ச மாதிரியாம்" என்றாள். அதைக் கேட்டதும் தராசுத் திருகு ஞாபகம் வந்தது. அவனுக்குத் தெரிந்திருக்குமோ? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். இந்த நாட்டில் வேலைக்கா பஞ்சம்? புல் வெட்டலாம், கார் கழுவலாம்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அவன் வருவான். டீ குடிப்போம். பிள்ளைகள், சுகர், மழை என்று பேசுவோம். அந்தப் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. அவன் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வசதியான நினைப்பு.

6

புதன்கிழமை நிலா என் போனில் அந்த ஓட்டெடுப்பைப் பார்த்துவிட்டாள். பதினைந்து வயது. தமிழ் புரியும், பேசுவது 'சாப்பிட்டேன்', 'போதும்' என்ற இரண்டு சொல்லோடு சரி. என்னை இத்தனை வருடத்தில் ஒரு பஸ் டிரைவராக மட்டுமே பார்த்தவள், "அப்பா, நீ ஃபேமஸா?" என்று இங்கிலீஷில் கண் விரியக் கேட்டாள். அவள் என்னிடம் அப்படி முகம் மலர்ந்து பேசி ஒரு வருடம் ஆகியிருக்கும். எனக்கு ஏறிவிட்டது. சோபாவைத் தள்ளிவிட்டு நின்று காட்டினேன். போட்டிக் கதையைச் சொன்னேன். புரோட்டாவைச் சொன்னேன். சிப்ஸ் கடையைச் சொன்னேன். தராசைச் சொல்லவில்லை.

அவள் சிரித்தாள். பிறகு இங்கிலீஷில் கேட்டாள்: "நாலு புரோட்டாவால அவருக்கு வேலை போச்சா? அப்புறம் அவரைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்களா? பாவம்ப்பா. நீ அவர்கிட்ட பேசுவியா?"

பேசுவேன் என்றேன். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்து விட்டேன். ஐம்பது வயதுக் கிழவன் அழுவதற்குத் தண்ணீர்ச் சத்தம் தேவைப்படுகிறது.

மறுநாள் மத்தியானம் டிப்போவில் சாப்பாட்டு இடைவேளையில் இசக்கியைக் கூப்பிட்டேன். அங்கே காலை பத்தரை. மண்டியில் ஏலச் சத்தம் கேட்டது.

"என்னலே முத்து, இந்நேரம்? வீட்டுல எல்லாரும் சொகந்தான?"

"இசக்கி, ஒன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுலே."

"அந்தத் தராசு." அதற்கு மேல் வரவில்லை. "தோப்புக்குக் கொண்டாந்தோம்லா, அந்தத் தராசு..."

அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. வெளியே நடந்து வருகிறான் என்று தெரிந்தது.

"ஒரு கிலோ கம்மியாக் காட்டும். சாக்குக்கு. அதானலே?" என்றான்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மண்டில சேந்த ரெண்டாம் நாளே தெரிஞ்சிட்டு. கணக்குப்பிள்ளை அண்ணாச்சி சாக்கப் போட்டுத் திருகுதாரு. நான் பாத்துக்கிட்டே நிக்கேன். என்ன அண்ணாச்சி பண்ணுதீங்கன்னு கேட்டேன். சொன்னாரு. அன்னைக்கு மூட்டை தூக்கல. ஒடம்பு சரியில்லன்னு வீட்டுக்குப் போயிட்டேன்."

"ஏன்லே எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா என்ன செய்வ? மன்னிச்சிருன்னு சொல்லுவ. நான் மன்னிக்கணும். எனக்கு அது வராதுன்னு தெரியும். அதான் கேக்கல." கோபமாகச் சொல்லவில்லை. விலை சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னான். "நீயா வருவேன்னு கொஞ்ச நாளு பாத்தேன். பொறவு பாக்கத விட்டுட்டேன்."

"நான் பாவிலே இசக்கி."

"அத எனக்குச் சொல்லாத."

"பொறவு ஏன்லே எனக்கு ஓட்டுப் போட்ட?"

"பொறவு யாருக்குப் போட? பால்ராஜுக்கா? தனக்குத் தானே ஓட்டுப் போடுதவன் மனுசனாலே? அதுவும் புரோட்டாங்குத பேர வச்சிக்கிட்டு?" சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "முத்து, எம் மவளக் கட்டிக் கொடுத்தேன்லா, அந்த மாப்பிள்ளை வீட்டுல பந்திக்கு உக்காந்தா, 'மாமாவுக்குப் புரோட்டா வைங்க'ன்னு கேலி பேசுதானுவ. எம் மவ தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கா. நீ எங்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது? எனக்குத்தான் தெரியும்லா. தெரியாதவனுவகிட்டச் சொல்லு."

"சொன்னா என்ன மன்னிப்பியாலே?"

"தெரியலடே" என்றான். "ஏலம் போவுது. வைக்கேன்."

7

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். முதலில் சாந்தியிடமும் நிலாவிடமும் சொன்னேன். சாந்தி என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள். நிலா கேட்டது ஒரே கேள்வி: "ஏன்ப்பா அவர்கிட்ட சொல்லல?" தமிழில் கேட்டாள். பயமா, பொறாமையா, ஆசையா என்று யோசித்துப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் சப்பைக்கட்டாகவே இருந்தது. தெரியவில்லை என்றேன். அவள் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அது நியாயம்தான்.

குரூப்பில் எழுதினேன். நான்கு முறை அழித்து எழுதினேன். முதல் மூன்று முறையும் என் வறுமை, என் வயது, என் அப்பாவின் நோய் என்று ஏதாவது ஒரு சாக்கை நானே கொண்டுவந்து போட்டிருந்தேன். நாலாவது முறை இப்படி முடிந்தது: 'தராசு ஒரு கிலோ குறைத்துக் காட்டியது. எனக்குத் தெரியும். இருபது நாள் தெரியும். இசக்கிக்குத் தெரியாது. அவன் தின்னும்போது நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவன் வாயைக் கட்டத் தெரியாதவன் இல்லை, பதினைந்து நாள் பட்டினி கிடந்தவன். என் வேலை, என் மெடல் எல்லாம் அவனுடையது. இனி யாரும் அவனைப் புரோட்டா என்று கூப்பிட வேண்டாம். கூப்பிடுவதானால் என்னைக் கூப்பிடுங்கள்.'

அதுவரை யாருக்கும் போடாமல் வைத்திருந்த என் ஓட்டை இசக்கிக்குப் போட்டேன்.

படித்தார்கள் என்று தெரிந்தது. முக்கால் மணி நேரம் கழித்துச் செல்லத்துரை, 'ஏலே, இது நெசமாலே?' என்று கேட்டான். 'நெசம்' என்றேன். பிறகு கொட்டியது. ஒருவன் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது, எழுதினால் அச்சிட மாட்டார்கள். ஒருவன், பழைய குப்பையை ஏன் கிளறுகிறாய், இரண்டு பேரும் பெரிய ஆள்தான் என்றான். பால்ராஜின் மச்சான், 'அப்பவே சொன்னேன், பால்ராஜுக்குப் போடுங்கன்னு' என்றான். சிரிப்புப் பொம்மை போட்ட ஆட்கள் பழைய செய்திகளைத் தேடிப்போய்ப் பொம்மைகளை எடுத்தார்கள். ஒவ்வொன்றாக அது மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'இசக்கி அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க' என்று பலரும் கேட்டார்கள். இசக்கி படித்திருந்தான். ஒன்றும் எழுதவில்லை.

சனிக்கிழமைக்குள் ஓட்டுகள் மாறத் தொடங்கின. ஞாயிறு மத்தியானத்தில் இசக்கி என்னைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டான். என் பக்கம் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். அதில் இசக்கியும் இன்னும் இருந்தான். அத்தனை பேர் விட்டுப் போன பிறகும் அவன் அங்கே நிற்பது, கழுத்தைப் பிடித்து அழுத்துவதுபோல் இருந்தது. இரண்டு முறை போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஊரில் ஆறு மணி என்றால் இங்கே எட்டரை. சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். செல்லத்துரை, 'ஓட்டு முடிஞ்சுது. படம் இசக்கிமுத்து படம்' என்று போட்டான். கையைத் துடைத்துக்கொண்டு பட்டியலைத் திறந்தேன்.

என் பெயருக்குக் கீழே இசக்கியைக் காணவில்லை. ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஓட்டை எடுத்திருக்கிறான். அந்த ஒரு ஓட்டு இல்லாமலே அவன் ஜெயித்தாகிவிட்டது. அவன் பெயரைத் திறந்து, அத்தனை பேரையும் தள்ளித் தள்ளிக் கீழே போனேன். கடைசிப் பெயராக இருந்தான். தனக்குத் தானே போட்டிருந்தான்.